அரைத் திருகு பாக்கி

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினார். ஆனால் எங்கள் தெருவில் யாரும் அவரை டிரைவர் என்று சொன்னதில்லை. ‘அரைத்திருகு’ என்றால்தான் தெரியும். பலகை பலகையாக அட்டைப்பெட்டியில் வந்து, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் துணி அலமாரியை யார் வாங்கினாலும் லீவு நாளில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மனுஷன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடுவார். சொந்த வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும், “நாளைக்குப் பாத்துக்கலாம்.”

போன இடத்தில் ஒரே அதிகாரம்தான். பலகையில் கீறல் விழாமல் இருக்க, வந்த பெட்டியையே கிழித்துத் தரையில் விரிப்பார். திருகுகளை இனம் பிரித்து முட்டை அட்டையின் குழிகளில் போடுவார். திருகின் முனையைச் சோப்பில் ஒரு தேய் தேய்ப்பார். யாராவது ஆர்வக்கோளாறில் எல் வடிவச் சாவியை எடுத்து இறுக்கினால் போதும், கத்துவார்.

“எல்லா மூலையும் சேர்ற வரைக்கும் அரைத் திருகு பாக்கி வைங்கய்யா! ஒண்ணை மட்டும் இறுக்கிட்டா மத்தது முறைச்சுக்கிட்டு நிக்கும்.”

இந்த ஞானமெல்லாம் எங்கள் சொந்த அலமாரியில் பட்ட அடியில் வந்தது. கல்யாணமான புதிது, ஒற்றை அறை வாடகை வீடு. தரையில் படுக்கவைத்தே முழுசாகப் பூட்டி, முதுகுப் பலகைக்கு ஆணியும் அடித்துவிட்டோம். பெருமையாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்தினால், பாதியிலேயே மேல் மூலை கூரையில் போய் இடித்துக்கொண்டது.

“என்னங்க இப்போ?”

“ஒண்ணுமில்ல. கூரை கொஞ்சம் கம்மியாயிடுச்சு.”

எனக்கு வந்த சிரிப்பில் கை நழுவி, அலமாரி அவர் காலில் விழுந்திருக்கும். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, நிற்கவைத்தே பூட்டினோம். அந்த அலுப்பில் இடது கதவு கொஞ்சம் தொங்கிப்போனது. அவர் சட்டைகள் இருக்கும் பக்கம். லேசாகத் தூக்கினால்தான் சாத்தும்.

“நாளைக்குச் சரி பண்றேன்” என்றார்.

அந்த நாளை மூன்று வீடு மாறியும் வரவில்லை. தினமும் காலையில் அவர் சட்டை எடுக்கும் சத்தம் கேட்டதும் நான் அடுப்படியிலிருந்து கத்துவேன், “தூக்கிச் சாத்துங்க!” உள்ளேயிருந்து, “சாத்தியாச்சு, தாயே!” என்று குரல் வரும். அது இல்லாமல் எங்களுக்குப் பொழுது விடிந்ததில்லை.

போன வருஷம் வண்டியை டெப்போவில் விட்டுவிட்டு வந்து படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை.

“தனியா என்ன பண்ணப் போறீங்க அண்ணி? எங்க மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு, வந்துடுங்க” என்றாள் நாத்தனார். சரி என்றேன். அலமாரியும் வரும் என்றேன். சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரர் அதைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இது மரத்தூளை அழுத்திப் பண்ண பலகைம்மா. இன்னொரு தடவை பிரிச்சா புட்டுக்கும். விட்டுட்டுப் போங்க.”

“உங்ககிட்ட யோசனை கேட்டேனா? வண்டியை ஓட்டுற வேலையைப் பாருங்க” என்று பாய்ந்துவிட்டேன். அவரும் நானும் சேர்ந்து கட்டியது இந்த உலகத்தில் இது ஒன்றுதான். இதுவும் நொறுங்கிப்போனால் நான் எதைப் பார்த்துக்கொண்டு இருப்பது?

நானே பிரித்தேன். பலகைகளைக் கோத்திருந்த மரமுளைகள் அலுங்காமல் கழன்று வந்தன. ‘வாடகை வீட்டுல இருக்கிறவன் பசை போடக் கூடாது’ என்று அவர் ஒரு முளைக்கும் பசை தடவவிடவில்லை. புண்ணியவான். மேல் பலகையில் ஒரு துளை மட்டும் பெரிதாகி, திருகு பிடிக்காமல் சுற்றியது. தீக்குச்சியை ஒடித்து, பசையில் தோய்த்து உள்ளே திணித்து, காயவிட்டேன். அவர் செய்து நான் பார்த்ததுதான்.

புது அறையில் நிற்கவைத்தே பூட்டினோம். பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த நாத்தனார் சும்மா இருக்காமல் ஒரு திருகை முடுக்கப் போனாள்.

“இறுக்காதே! அரைத் திருகு பாக்கி வை!”

“அண்ணனே வந்து கத்துற மாதிரி இருக்கு அண்ணி” என்றாள்.

மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன். இரண்டு குறுக்கும் ஒரே நீளம். எல்லாவற்றையும் இறுக்கி, முதுகுப் பலகைக்கு ஆணி அடித்து, சாயாமல் இருக்கச் சுவரோடு சேர்த்துப் பட்டையும் போட்டோம். அலமாரி கிண்ணென்று நின்றது. வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

இடது கதவு மட்டும் பழையபடி தொங்கியது.

“இவ்ளோ பண்ணிட்டீங்க, இதையும் நேர் பண்ணிடுங்களேன்.”

கீலில் இருந்த திருகைத் திருப்பினேன். அரைத் திருகுதான். கதவு தானாக மேலேறி, வலது கதவோடு ஒட்டி உட்கார்ந்தது.

எனக்கு வந்ததே கோபம். “அடப்பாவி மனுஷா, இந்த அரைத் திருகுக்கா என்னை இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்த விட்டே?” என்று அலமாரியைப் பார்த்துத் திட்டினேன். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் காலை நான் அடுப்படியில் இருந்தேன். என் துணிகளை அடுக்கித் தருகிறேன் என்று நாத்தனார் அறைக்குள் போனாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“தூக்கிச் சாத்துங்க!” என்று கத்திவிட்டேன்.

உள்ளேயிருந்து அவள் மெதுவாகச் சொன்னாள், “கதவு நேராத்தான் இருக்கு, அண்ணி.”

அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.