இயந்திரத்துக்கு வாய் இல்லை

படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பது அவள் வேலை. ஸ்டுடியோவில் "இரும்பு அக்கா" என்றால்தான் தெரியும். மாயாஜாலக் கார்ட்டூன் படம் எது வந்தாலும் அதில் வரும் ராட்சச இயந்திரம் அவள்தான். பறக்கும் கோட்டை, மரம் தின்னும் வண்டி என்று பதினாறு வருஷமாகக் கர்ஜித்துத் தொண்டையே கரகரத்துப் போயிருந்தது. "சாப்பிட வாங்க" என்று சாதாரணமாகக் கூப்பிட்டாலே வீட்டுக்காரர் அலறியடித்துக்கொண்டு எழுந்து வருவார்.

கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். ராஜா பேராசைப்பட்டு இயந்திரம் செய்வான். அது காட்டை அழிக்கும். கதாநாயகி அதை உடைப்பாள். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு திருந்திவிடுவான்.

இந்தத் தடவை அவளுக்குக் கிடைத்தது நடக்கும் உலை. வசனத் தாளைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. டப்பிங் இயக்குநரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆசைப்பட்டது ராஜா, முடுக்கிவிட்டது ராஜா. அடி வாங்குறது மட்டும் நானா சார்?"

"அது தத்துவம்கா. தொழில்நுட்பம் மனுஷனை மீறிப் போயிடுதுன்னு சொல்ல வர்றாங்க."

"எங்க மீறிச்சு? அவன் திருப்பின பக்கம்தானே திரும்பிச்சு!"

"உங்க வாஷிங் மெஷின் துணியைப் பாழாக்கினா திட்ட மாட்டீங்களா?"

"திட்டுவேன். சட்டைப் பையில பேனாவை விட்ட மனுஷனை."

"எழுதினதைப் பேசுங்கக்கா" என்று சிரித்தபடி அவர் போன் பேச வெளியே போனார்.

சாகும்போது உலை "எனக்கு அழிவே இல்லை!" என்று அலற வேண்டும். ஆனால் உலைக்கு ஏது உதடு? என்ன பேசினாலும் பொருந்தும். அவள் அலறவில்லை. களைத்துப்போன குரலில், "என்னை முடுக்கிவிட்டவன் எங்கப்பா? அவனையும் கூப்பிடுங்க" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தினாள்; அதையே பதிவில் வைத்தும்விட்டாள்.

படம் வெளியான அன்று வீட்டுக்காரரோடு தியேட்டருக்குப் போனாள். உலை சரிந்தது, அந்த வசனம் வந்தது. முன்வரிசையில் ஒரு வாண்டு சீட்டில் ஏறி நின்று, "அதோ, தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான்!" என்று கத்தியது. அவ்வளவுதான், "பிடி, பிடி!" என்று மொத்தக் குழந்தைகளும் கிளம்பிவிட்டன. கதாநாயகி ராஜாவை மன்னித்தபோது எழுந்த கூச்சலில் பின்னணி இசையே கேட்கவில்லை. அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். வேலை போச்சு என்று நினைத்தாள். சிரிப்பும் பீறிட்டு வந்தது.

மறுவாரம் டப்பிங் இயக்குநர் போன் செய்தார். குரலில் தேன்.

"அக்கா, பத்திரிகையில அரைப் பக்கம் பாராட்டு! கருவியைக் குத்தம் சொல்லாம, கருவியைப் பிடிச்ச கையைக் கேள்வி கேட்டிருக்கோமாம். அந்த வசனத்துக்காக நான் மூணு நாள் தூங்கலைன்னு பேட்டி குடுத்துட்டேன். நீங்க எதுவும் உளறிடாதீங்க."

"ஐயோ, நான் எதுக்குச் சொல்லப் போறேன்! அடுத்ததுல என்ன மெஷின் சார்?"

"மெஷின் இல்லை. மெஷினைச் செய்யச் சொல்ற ராணி. கடைசியில திருந்திடுவா."

பதினாறு வருஷத்தில் முதல் மனுஷ வேஷம். திருந்தும் காட்சியில் அவள் விக்கி விக்கி அழுத அழுகையில் ஸ்டுடியோவே உருகிப்போனது. வீட்டில் அதை மறுபடி பேசிக் காட்டினாள். வீட்டுக்காரர் முகவாயைத் தடவிக்கொண்டார்.

"ராணி நிஜமாவே திருந்திட்டாளா?"

"அழுகை எனக்கு நல்லா வந்துச்சுங்க" என்றாள் அவள். "அவளைப் பத்தித் தெரியலை."