பிசிர் எடுத்த கார்

புள்ளைங்க வேலைக்குப் போனப்புறம் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினவன் நான். ஆசை யாரை விட்டது? மீஞ்சூர்ல ஒரு ஊட்டு வாசல்ல தார்ப்பாய் போட்டு மூடிக் கெடந்தது. செவப்புக் கலரு, ரெண்டே கதவு, தரையோட தரையா படுத்துக்கினு இருக்கும். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு மூளை வேலை செய்யலை. மத்ததை எதையும் பார்க்காம கையெழுத்துப் போட்டேன்.

எங்கூட்டுக்காரி வண்டியைச் சுத்தி வந்து பார்த்தா. "இன்னாயா இது? உங்கம்மா பின்சீட்டுக்கு எப்டிப் போவாங்க, கூரையைப் பிரிச்சா எறக்குவ?"ன்னா. அதை நான் யோசிக்கவே இல்லை.

வண்டியோட ஆர்.சி. முடிய ஆறு மாசம்தான் இருந்தது. பதினஞ்சு வருசம் ஆன வண்டின்னா ஆர்டிஓ ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரின்னு சொன்னாதான் மறுபடி ரோட்ல ஓட்டலாம். இல்லைன்னா காயலாங்கடைதான். அந்த ஆறு மாசமும் ஞாயித்துக்கெழமைன்னா வண்டிக்கு அடியிலதான் நான் கெடப்பேன். பிரேக் பைப்பு, கிளட்ச்சு எல்லாம் மாத்தினேன். கதவுக் கண்ணாடி ரப்பருக்கு மட்டும் மூணு மாசம் அலைஞ்சேன்.

அதோட உட்டேனா? அகல டயர் போட்டேன், பெரிய சைலன்சர் வெச்சேன், ஸ்பிரிங்கை மாத்தி வண்டியை இன்னும் எறக்கினேன். ஸ்பீடு பிரேக்கர் வந்தா அடிவயிறு இடிக்கும். எங்கூட்டுக்காரியை எறங்கச் சொல்லிட்டு காலி வண்டியை மெதுவா ஏத்தி எறக்குவேன். "கார்ல போறோம்னு பேரு, பாதி தூரம் நான் நடக்குறேன்"னு திட்டிக்கினே வருவா.

கும்மிடிப்பூண்டியில ஒரு வார்ப்புக் கம்பெனியில எனக்கு கிரைண்டிங் வேலை. அச்சுல இருந்து வர்ற இரும்பு கரடுமுரடா இருக்கும். கிரைண்டர் புடிச்சு பிசிர் எடுத்து வழவழன்னு அனுப்பணும். எங்களுக்குக் கண்ணைவிட கட்டைவிரல்தான் முக்கியம். தடவும்போது எங்கனா சொரசொரன்னு பட்டா கை சும்மா இருக்காது.

பானெட்டைத் தூக்கினா இன்ஜினுக்குப் பின்னாடி இருக்குற தகட்டுல ஒரு சாண் நீளத்துக்குத் துரு. கடல்காத்து தின்ன வண்டியாச்சே. கிரைண்டரை எடுத்தேன், தேய்ச்சேன். தடவிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் தட்டுப்பட்டது. மறுபடி தேய்ச்சேன். விரலுக்கு ஒண்ணும் படாத அளவுக்கு வந்தப்புறம் பெயின்ட் அடிச்சேன்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடி எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். புது டயர், சைலன்சர், ஸ்பிரிங் எல்லாத்தையும் கழட்டிட்டு பழசையே மாட்டினேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திக்கினு ஆர்டிஓ ஆபீஸ் போனேன். இன்ஸ்பெக்டர் லைட்டு பார்த்தார், பிரேக் பார்த்தார், சரின்னு எழுதிக்கினார். கடைசியில பேப்பரும் பென்சிலும் எடுத்தார். தகட்டுல குத்தியிருக்குற சேஸிஸ் நம்பர் மேல பேப்பரை வெச்சுத் தேய்ச்சா நம்பர் பதியும், அதை ஃபைல்ல ஒட்டணும். குனிஞ்சு தேடினார். அவர் தேடின இடம், நான் துரு எடுத்து பெயின்ட் அடிச்ச அதே தகடு. புள்ளையார் புடிக்கப் போய் கொரங்காயிடுச்சு.

"துருன்னு நெனைச்சுத் தேய்ச்சுட்டேன் சார்."

"திருட்டு வண்டியிலதான்யா நம்பரைத் தேய்ப்பாங்க."

எனக்குக் கோவம் வந்துடுச்சு. "திருடியிருந்தா உங்க ஆபீசுக்கே எதுக்கு சார் ஓட்டிக்கினு வரப்போறேன்?"ன்னு கேட்டுட்டேன். நல்ல மனுசன், அவர் பதிலுக்குக் கத்தலை. பேப்பர்லாம் சரியா இருந்தது, இன்ஜின் நம்பரும் ஒத்துப் போச்சு. அதனால தடயவியல் லேபுக்கு எழுதிக் கொடுத்தார். அங்க ஆசிட் தடவிப் பார்ப்பாங்களாம், ரொம்ப ஆழமா தேய்க்கலைன்னா அழிஞ்ச நம்பர் மறுபடி தெரியுமாம். நம்பர் தெரிஞ்சா ஆர்.சி. உண்டு, தெரியலைன்னா இல்லை.

அந்த வாரம் திருப்பாச்சூர் கோயிலுக்குப் போனேன். நான் செஞ்ச வேலை அரைகுறையா இருக்கணும் ஈஸ்வரான்னு வேண்டிக்கினு நின்னேன். இப்படி ஒருத்தன் எந்தச் சாமிகிட்டயும் கேட்டிருக்க மாட்டான்.

அதுக்குள்ள ஆர்.சி. முடிஞ்சுட்டதால வண்டியை லாரியில ஏத்தி லேபுக்கு கொண்டுபோனேன். அங்க இருந்த மேடம் பெயின்ட்டைச் சொரண்டி, பஞ்சுல ஆசிட்டைத் தொட்டுத் தடவினாங்க. நம்பரைக் குத்தும்போது அடியில இருக்குற இரும்பும் நசுங்கியிருக்கும், மேலாப்ல தேய்ச்சிருந்தா அது வெளிய தெரியும்னு சொன்னாங்க. காத்திருந்தோம். ஒண்ணும் வரலை. ரெண்டாவது தடவையும் தடவினாங்க, மூணாவது தடவையும் தடவினாங்க. அப்புறம் ஆசிட்டை நல்லா கழுவித் தொடைச்சு, கையுறையைக் கழட்டிட்டு விரலால தொட்டுப் பார்த்தாங்க.

"இவ்ளோ சுத்தமா தேய்ச்சு நான் பார்த்ததே இல்லை. யார் வேலை இது?"

"என் வேலைதான் மேடம்"னேன். வெக்கமா இருந்தது. கூடவே கொஞ்சம் பெருமையாவும் இருந்தது. அந்தப் பெருமை மேலதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்தது. லாரியை அங்க இருந்து நேரா காயலாங்கடைக்கு உடச் சொன்னேன்.