ஆறை எதால் வகுப்பது

கம்பவுண்டர் படிப்பில் நாங்கள் ஆறு பேர். பெண் நான் ஒருத்திதான். மலேரியாக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்க்கும் மைக்ராஸ்கோப் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்று; அதில் பழக ஒருவருக்குத்தான் இடம். யாரையும் பகைத்துக்கொள்ளாத வாத்தியார் வெள்ளிக்கிழமை கரும்பலகையில் 1, 3, 4, 6 என்று எழுதினார்.

“ஒவ்வொன்றும் ஒரே தடவை. கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். வேறெதுவும் கூடாது. இருபத்துநாலு வரவேண்டும். திங்கட்கிழமை சரியாகச் சொல்பவருக்கு இடம்.”

ஊருக்குப் போகச் சங்ககிரிக்கு ரயிலேறியதிலிருந்து நோட்டில் வரிசையாக எழுதினேன். ஆறு மூன்று பதினெட்டு, நான்கும் ஒன்றும் சேர்ந்தால் இருபத்துமூன்று. ஆறும் ஒன்றும் ஏழு, நான்கால் பெருக்கி மூன்றைக் கழித்தால் இருபத்தைந்து. இருபத்திரண்டு வந்தது, இருபத்தாறு வந்தது. சோற்றில் கை வைத்தபடி சாப்பிட மறந்தேன். நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். மற்ற ஐவரில் யாராவது இதற்குள் கண்டுபிடித்திருப்பானோ என்பதே நினைப்பு.

அந்தக் கோடையில் பங்காளிகளோடு பொதுவான கிணற்றில் இராப்பகலாக முறைவைத்து இறைத்தார்கள். என்னிடம் கைக்கடிகாரம் இருந்ததால், ஊருக்கு வந்தால் முறை முடிவதைச் சொல்வது என் வேலை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அண்ணன் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் மாட்டைக் கட்டினான். பன்னிரண்டுக்கு நான் குரல் கொடுக்கவேண்டும். நோட்டிலிருந்து தலையைத் தூக்கியபோது அடுத்த முறைக்காரரான பெரியப்பா மாட்டின் குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

“ஏஞ்சாமி, உம்பட கடியாரத்துக்குப் பன்னண்டே வராதா?”

மணி பன்னிரண்டரை.

“அரை மணியில கெணறு வத்திருச்சுங்களா?” என்றான் அண்ணன்.

“முழுக் கெணறு ஒண்ணு. அதுல முக்கா எங்குளுது. அது போவ மிச்சக் காலுக்குத்தான் உனக்கு ஆறு மணி. நாளுக்கு இருவத்திநாலு மணிதானே? இல்லை, உங்கூட்டு நாளு பெருசா?”

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒன்றில் முக்கால் போகக் கால். காலுக்கு ஆறு என்றால் முழுசுக்கு இருபத்துநாலு. மூன்றை நான்கால் வகுத்தால் முக்கால். அதை ஒன்றிலிருந்து கழித்தால் கால். அந்தக் காலால் ஆறை வகுக்கவேண்டும். இரண்டு நாளாக முழு எண்களையே உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“சிரிக்கிறா பாரு!” என்றார் பெரியப்பா. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாலை வண்டிக்கே கிளம்பினேன்.

திங்கட்கிழமை நான் போவதற்குள் ஒருவன் கரும்பலகையில் எழுதிவிட்டிருந்தான்: ஆறு பெருக்கல் நான்கு பெருக்கல் ஒன்று, ஒன்றின் தலைமேல் குட்டியாக மூன்று. ஒன்றை மூன்று முறை பெருக்கினாலும் ஒன்றுதானே; ஆறு நான்கு இருபத்துநாலு. வாத்தியார் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் பலகைக்குப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“சார், தலைமேல் ஏற்றுவது நீங்கள் சொன்ன நாலில் எது?”

“அதுவும் பெருக்கல்தான்,” என்றான் அவன். “இந்த அம்மாவுக்கு வயித்தெரிச்சல்.”

“அப்படியானால் ஒன்று மூன்று தடவை வந்துவிட்டதே.”

வாத்தியார் தலையாட்டுவதை நிறுத்தினார். சுண்ணக்கட்டியை வாங்கி என்னுடையதை எழுதினேன். அவர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு மைக்ராஸ்கோப் அறையைத் திறந்துவிட்டு நகர்ந்து நின்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். இடம் கிடைத்த பரபரப்பில் கண் இமை படபடத்துக்கொண்டே இருந்ததில், மாலைவரை இரத்தம் தடவிய கண்ணாடித்துண்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.