அடுத்த கேள்வி

1991இல் குன்றத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் லண்டனில் படிக்கும் மாணவர். விடுமுறைக்கு வந்திருந்தார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் எதையும் பேசினார்.

"ரூம்ல ஒரு நைஜீரியாக்காரன், ஒரு துருக்கிக்காரன். மொத நாள் எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன். அடுத்த கேள்விக்குக் காத்துக்கினே இருந்தேன் சார். அவங்க டீ போடப் போயிட்டாங்க."

சத்தமாகச் சிரித்தார். முன்சீட்டு அம்மா திரும்பினார்.

"நீ எந்த ஊருப்பா?"

சொன்னார்.

"தெரிஞ்ச ஊருதான். ஊருக்குள்ளயா, காலனியா?"

"லண்டன்ல இருக்கேம்மா."

"அது கெடக்கட்டும். வூடு எங்க கீது?"

காலனி நிறுத்தத்தில் பஸ் நின்றது, அவர் எழவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கனத்த பெட்டியோடு வந்த வழியே திரும்பி நடந்தார்.

அந்த அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் அப்பவே நெனச்சேன்."