துருக்கிக்கு ஒரு தோணிப் பங்கு

பின்னேரம் மூன்று இருபதுக்குக் கரைவலை மண்டாடி எங்கள் வாசல் கடப்படியில் வந்து நின்றார். வலைக்காரருக்கெல்லாம் தலைவர் அவர். உடுத்திருந்த சாரத்திலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நோன்பு காலம், பள்ளிக்கூடம் விடுமுறை. நான் பாயில் படுத்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர், தோணி கவிண்டு போச்சு. நாங்க அஞ்சு பேரும் கரையேறிட்டம். உங்கட மகனை மட்டும் காணல்ல."

"அவன் கயிறு இழுக்கத்தானே வந்தவன்?" என்று கேட்டேன். கணக்கில் பிழை பிடிப்பவனைப் போலத்தான் கேட்டிருக்கிறேன்.

"தோணிப் பங்கு வேணுமெண்டு நிண்டான் மாஸ்டர். ஒரு ஆள் குறைஞ்சிருந்தது, ஏத்திட்டன்."

எங்கள் கடற்கரையில் வலைக்கயிற்றில் கை வைத்தவன் எவனுக்கும் மீனில் பங்கு உண்டு. அது சின்னப் பங்கு. தோணியில் போய்க் கடலில் வலையை வளைத்து வருபவனுக்குப் பெரிய பங்கு. என் மகனுக்குப் பதினாறு வயது. துருக்கியில் பூமி நடுங்கி ஊர்கள் விழுந்துவிட்டன என்று பத்திரிகையில் படித்ததிலிருந்து அந்தச் சனங்களுக்கென்று காசு சேர்த்துக்கொண்டிருந்தான். முதலில் என்னிடம்தான் வந்தான்.

"வாப்பாட மடியில இருந்து எடுத்துக் குடுக்கிறது உன்ட தருமமா? நீ உழைச்சுக் குடு" என்றேன்.

"அப்ப கடலுக்குப் போறன்."

"போ, போ. ரெண்டு சூடைமீன் கிடைக்கும். துருக்கிக்காரன் பொரிச்சுத் தின்னட்டும்."

மனைவி சிரித்தாள். அவனும் சிரித்தான். நாலு நாள் நோன்போடு கயிறு இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்ததைக் கண்டேன். நிறுத்து என்று சொல்லவில்லை. உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

கடற்கரைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. நீரோட்டம் தெற்கே இழுக்கிறது, பொடியன் ஒரு பலகையைப் பிடித்திருந்தான், பிறகு தலை தெரியவில்லை என்றார்கள். இரண்டு தோணிகள் தேடிப் போய்த் திரும்பி வந்தன. மனைவி மணலில் குந்தியிருந்து அழுதாள். "நீங்கதானே உழைக்கச் சொன்னீங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. மண்டாடியிடம், இன்றைக்கு மீன் எவ்வளவு பட்டது என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வலையே போச்சு மாஸ்டர்."

"ஓம், ஓம்" என்றேன்.

பொழுது பட்டு, பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொன்னது. எல்லாரும் நோன்பு திறந்தார்கள். யாரோ என் கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார்கள். அது விரல்களில் ஒட்டுவது மட்டும் தெரிந்தது. வாயில் வைக்கத் தோன்றவில்லை. கடல் மிகவும் அமைதியாகக் கிடந்தது. அதன்மேல் கோபம்கூட வரவில்லை. இப்போதும் பிள்ளைகளில் ஒருவர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் எனக்கு அந்த மரத்துப்போன நிலைதான் முதலில் வருகிறது. பயம் அதற்குப் பிறகுதான்.

அரை மணி நேரம் போயிருக்கும். தெற்கே இருந்து ஒரு மனிதர் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்தார். மேலில் சட்டை இல்லை, நெற்றியில் திருநீறு. அடுத்துள்ள இந்து ஊரான காரைதீவைச் சேர்ந்தவர். மூச்சு வாங்கியது.

"இதில ஆர் மாஸ்டர்?"

எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

"உங்கட பொடியன் எங்கட கரையில ஒதுங்கினான். உசிரோட இருக்கான், பயப்படாதீங்க. ஆனா ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறான் இல்ல. நோன்பாம், இன்னும் வாங்கு கேக்கல்லயாம். கடல் தண்ணி குடிச்சாய்தானே எண்டு கேட்டன், அது தானாப் போனதாம். பொழுது பட்டுட்டுது மகனே எண்டாலும் நம்புறான் இல்ல. எங்கட ஊரில ஆரு வாங்கு சொல்ற? கெதியா ஏறுங்க மாஸ்டர், நீங்க வந்து சொல்லுங்க."