கண்டிகோட்டாவில் அப்பா இறங்கினார்

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழரை மணிக்கு லிங்கராஜபுரத்திலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய ஊர் ஆந்திராவில் புரொத்தட்டூர். பெங்களூரில் அப்பாவோடு பல வருடம் வண்டி ஓட்டிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்ட ரமணா மாமாவின் மகளுக்கு மாலை ஐந்து மணிக்கு நிச்சயதார்த்தம். காரை நான் ஓட்டினேன். அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அப்படி உட்கார அவருக்கு இன்னும் பழகவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ்களுக்குப் பத்தொன்பது வருடம் கேப் ஓட்டியவர். போன வருடம் ஒரு நாள், இடப்பக்கம் வந்த பைக் அவர் கண்ணில் படவே இல்லை. யாருக்கும் அடியில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில் வைத்தவர் மறுபடி எடுக்கவில்லை. கண்ணில் அழுத்தம், ஓரப் பார்வை போய்விட்டது, போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அதிலிருந்து அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

பாகேபள்ளி வரை நெடுஞ்சாலை. பிறகு வலப்பக்கம் திரும்பிக் கதிரி. அங்கே பதினொரு மணிக்கு இட்லியும் காபியும், இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிருபது ரூபாய். கதிரியைத் தாண்டினால் பச்சை தீர்ந்துவிடுகிறது. காய்ந்த புல், கருவேல முள், வெயிலில் வெளுத்த கற்குன்றுகள். பத்து நிமிடத்துக்கு ஒரு லாரி. அப்பா ரோட்டைப் பார்க்கவில்லை, இன்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"தேர்டு போடு பாப்பா. இழுக்குது பாரு" என்றார் ஒரு மேட்டில். எனக்கு இருபத்தொன்பது வயது. போட்டதும் வண்டி லேசாக ஏறியது.

ஒன்றே கால் மணிக்கு முத்தனூர். புரொத்தட்டூருக்கு அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும். நேரே போனால் பழைய கோட்டையும் பள்ளத்தாக்கும் உள்ள கண்டிகோட்டா, சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் என்றது போன்.

"நீ வந்திருக்கியாப்பா?"

"ஏழெட்டு வாட்டி. வீக்கெண்டு ட்ரிப்பு."

"எப்படி இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "பார்க்கிங் பெருசு. ஒரு வேப்ப மரம் இருக்கும், அது நெழல்ல போட்டா நல்லா தூங்கலாம்."

"பள்ளத்தாக்கு?"

"அத வண்டி புக் பண்ண பார்ட்டிங்கதான் போய்ப் பாப்பாங்க. வண்டிய வுட்டுட்டு நான் எங்க போறது?"

நான் திரும்பவில்லை, நேரே விட்டேன். நிச்சயத்துக்கு நேரமாகிவிடும் என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை.

இரண்டு மணிக்குக் கோட்டை வாசல். பெரிய கல் நுழைவாயிலுக்குள் வளைந்து வளைந்து போகிறது பாதை. உள்ளே ஒரு சிற்றூர், பழைய மசூதி, தானியக் கிடங்கு. வேப்ப மரம் அப்பா சொன்ன இடத்திலேயே நின்றது. காரை அதன் கீழே போட்டோம். மசூதியைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்ததும் பாறைகள் தொடங்கின. அடுக்கி வைத்த செங்கல் போலச் சிவந்த பலகைப் பாறைகள், நடுநடுவே கால் நுழையும் இடுக்குகள். அப்பாவுக்குக் காலடி தெரியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க ஒரு படி இறங்கணும்ப்பா. இப்ப பெருசா ஒரு எட்டு."

இத்தனை வருடத்தில் நான் அவருக்கு வழி சொன்னது அன்றுதான். பத்து நிமிடத்தில் விளிம்புக்கு வந்தோம். அகலமான ஒரு பாறையில் அவரை உட்காரவைத்தேன்.

எதிரே இன்னொரு செங்குத்துச் சுவர். நடுவே முந்நூறு அடி ஆழத்தில் பெண்ணாறு, அசையாத பச்சை நிறத்தில். பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலையில் பிறக்கும் ஆறுதான். இங்கே வருவதற்குள் மலையையே அறுத்துவிட்டிருந்தது. எனக்கு எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. அப்பாவுக்கு அப்படித் தெரியாது. இடக்கோடியில் தொடங்கி, தலையை மெல்லத் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்தார். வலக்கோடிக்குப் போனதும் மறுபடி இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். காற்று பலமாக அடித்தது.

நெடுநேரம் கழித்து, "இவ்ளோ பக்கத்துலயா இருந்துச்சு" என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. காற்றாகவும் இருக்கலாம். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "டாக்டரு சொன்னத நெனச்சிட்டே இருந்தேன் பாப்பா. எல்லாம் போச்சேன்னு. இது தெரியுது. நல்லா தெரியுது."

நான்கு மணிக்குக் காருக்குத் திரும்பினோம். எங்கள் காருக்கு அடுத்து கர்நாடகா பதிவெண்ணோடு மஞ்சள் போர்டு வாடகை வண்டி ஒன்று நின்றது. சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார் டிரைவர், நாற்பது வயதுக்காரர். அப்பா கண்ணாடியைத் தட்டினார்.

"ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஆச்சுண்ணா" என்று தமிழில் பதில் வந்தது. நாங்கள் பேசிக்கொண்டு வந்தது காதில் விழுந்திருக்கும்.

"பார்ட்டி எப்ப வராங்க?"

"அஞ்சு மணியாவும்."

"போய்ப் பாத்துட்டு வா. பத்து நிமிசம் நடந்தா வந்துடும். வண்டிய நான் பாத்துக்கறேன்."

"பரவால்லண்ணா. வண்டிய வுட்டுட்டு எப்படி?"

"நானும் டிரைவர்தான். போய்ட்டு வா."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மசூதிப் பக்கம் நடந்தார். அப்பா அந்த வண்டியின் பானட்டில் சாய்ந்து நின்றார். ஒரு கடைக்காரம்மா கொண்டு வந்த எலுமிச்சை சோடாவைக் குடித்தோம், ஒன்று இருபது ரூபாய். டிரைவர் திரும்பி வர நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. நான் மணியைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா, "வரட்டும்" என்றார்.

வந்ததும் அவர் கேட்டார்: "நீங்க பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன்" என்றார் அப்பா. "இப்பத்தான்."

புரொத்தட்டூர் போய்ச் சேர ஆறரை ஆகிவிட்டது. மோதிரம் மாற்றி முடித்து, பந்தியும் தொடங்கியிருந்தது. வாசலுக்கே வந்து ரமணா மாமா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டார். "என்னா ஆரோக்கியம், டைமுக்கு வராம போனதே இல்லியே நீ. வழியில ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. "கண்டிகோட்டா பாக்கணும்னு பாப்பா ஒரே அடம். சின்னப் புள்ள, என்ன பண்றது."

நான் மறுக்கவில்லை. இருவருமாக என்னைப் பந்திக்கு அழைத்துப் போனார்கள்.