ருசி மறந்த கெளுத்திகள்

அம்மாவின் தொண்டையில் இருந்த கட்டிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடந்த வருடம், சித்தி எங்கள் சாந்தோம் வீட்டில் வந்து தங்கினாள். கையில் ஒரு பெட்டி, ஆட்டோவின் பின்சீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நான்கைந்து கெளுத்தி மீன்கள். மீன்கள் எப்படி ருசி அறிகின்றன என்பதுதான் சித்தியின் ஆராய்ச்சி. அவற்றைக் கல்லூரியில் விட்டு வர அவளுக்கு மனமில்லை. பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கிக் குழம்பு வைத்தே பழகிய எங்கள் வீட்டுக்குள், சாப்பிடக் கூடாத மீன்கள் அப்படித்தான் நுழைந்தன.

எனக்குப் பத்து வயது. அம்மாவுக்குத் தொண்டைப்புண் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். வீட்டில் யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அப்பா பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்தார். சித்தி அடுப்படிக்கும் தொட்டிக்கும் நடந்தாள். நான் எல்லோர் பின்னாலும் நடந்தேன். சிகிச்சை முடிந்தும் அம்மாவுக்கு நாக்கில் ருசி திரும்பவில்லை. "மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். அவள் வளையல் முழங்கை வரை ஏறத் தொடங்கியிருந்தது.

கெளுத்திக்கோ உடம்பெல்லாம் நாக்கு. மீசையிலும் வயிற்றிலும் வால் வரைக்கும் சுவை மொட்டுகள். மொட்டுகளிலுள்ள செல்களின் மேல் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் சிறு பள்ளங்கள். தண்ணீரில் கரைந்த அமினோ அமிலத்தின் மூலக்கூறு ஒன்று அந்தப் பள்ளத்தில் பொருந்திவிட்டால், புரதம் வாயை மூடுவதுபோல மடங்கும். உடனே மூளைக்குச் சாப்பாட்டுச் செய்தி போகும். சர்க்கரைக்கு அங்கே இடமில்லை. சித்தி சொட்டுக்குழாயால் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் மீன்கள் அசையாமல் கிடக்கும். அமினோ அமிலம் கரைந்த தண்ணீர் ஒரு துளி விழுந்தால் மீசையை விரித்துக்கொண்டு திரும்பும். எனக்கு அது சலிக்காத வேடிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்த அப்பா, சும்மா இருக்க மாட்டாமல், மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டுத் தொட்டியைக் கழுவி வைத்தார். பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஊற்றி நுரை பொங்கத் தேய்த்தவர், அலசுவதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. அதன் பிறகு துளி விழுந்தாலும் ஒரு மீன்கூடத் திரும்பவில்லை. இறால் துண்டு மீசையில் இடித்தும் விலகிப் போயின.

"சோப்பா போட்டீங்க, மாமா? மீசையில இருக்கற மொட்டெல்லாம் அரிச்சுப் போயிருக்கும்" என்றாள் சித்தி. அப்பா அன்று முழுக்க அவள் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருந்தார்.

"செத்துடுமா சித்தி?" என்று கேட்டேன்.

"சாவாது. பழைய செல்லு போனா புதுசு முளைக்கும். எப்பன்னுதான் தெரியல."

அறை வாசலில் நின்று அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை தொட்டியை ஏறிட்டும் பார்க்காதவள், மறுநாள் காலையில் எழுந்ததும், "தின்னுச்சா?" என்றாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். சித்தி தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாள்; இறாலைப் பொடியாக நறுக்கி ஒவ்வொரு மீனின் வாயருகே பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடமே ஏறவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, பையைக் கழற்றாமலே ஒரு துளி விடுவேன். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை.

மழை பெய்த ஒரு மாலையில், இருப்பதிலேயே சின்ன மீன் மீசையை மெல்ல அசைத்தது. பிறகு துளி விழுந்த பக்கம் திரும்பியது.

"அம்மா, திரும்பிடுச்சு" என்று கத்தினேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னொரு துளி விடு."

விட்டேன். அந்த மீன் மறுபடி திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்றும். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சித்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எதற்கோ பால்கனிக்குப் போனார்.

"அழாதம்மா, மீனுக்குத்தான் சரியாயிடுச்சே" என்றேன்.

"ஆமாடி, சரியாயிடுச்சு" என்றவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சித்தியிடம் கஞ்சி கேட்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எத்தனையோ நாளுக்குப் பிறகு. ஒவ்வொரு வாயாக, முகம் சுளித்துச் சுளித்து, முழுவதையும் குடித்தாள். அவளுக்கு முதலில் புளிப்பும் பிறகு உப்புமாக ருசி திரும்ப மேலும் சில மாதங்கள் ஆயின.

அன்று எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். அம்மாவுக்கு அந்தக் கெளுத்திகள் மேல் இவ்வளவு பாசம் எப்போது வந்தது?